ஆடியில் மண்டபம் கிடைத்தது

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் தாலி கட்டுவதில்லை.
அதனால்தான் காரைக்குடியில் நான் பார்க்கும் மண்டபம்
பாதி வாடகைக்குப் பத்து நாள் பாலேக்குப் போனது.
ரசீதில் 'விசேஷம்' என்ற இடத்தில்
யோசித்து யோசித்து 'இதர' என்று எழுதினேன்.

புதுச்சேரியிலிருந்து தெல்ஃபின் சவரிராயன் வந்தார்.
மணமேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி
ஒரே ஒரு குதி குதித்தார்.
'சிமெண்டு. பிள்ளைகளுக்கு முழங்கால் போய்விடும்.'
இருபது வருடமாக இதில்
பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன்.
எனக்கு எப்படித் தெரியும்?

செக்காலையில் நல்ல பர்மாத் தேக்கு காட்டினேன்.
தச்சர் முத்தழகு தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்:
'இது கௌரவம் பார்க்கும். வளையாது.'
தூத்துக்குடித் துறைமுகத்தில் எந்திரம் வந்திறங்கிய
பெட்டிப் பலகை ஒரு லாரி,
அடியில் வைக்க வெட்டிய டயர்த் துண்டுகள்,
இரண்டு நாள் ஆணிச் சத்தம்.
மூன்றாம் நாள் மதியம் யாருமில்லாதபோது ஏறி நின்றேன்.
தொண்ணூற்றிரண்டு கிலோ.
தரை என்னை வாங்கி, லேசாகத் திருப்பிக் கொடுத்தது.
வெட்கமாக இருந்தது.
இன்னொரு தடவை குதித்தேன்.

ஷூ நுனி வழுக்காதிருக்க ஏதோ பொடி கேட்டார்கள்,
வாயில் நுழையாத பேர்.
நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் அரைக் கிலோ வாங்கி
தாம்பாளத்தில் கொட்டினேன்.
ஒவ்வொருத்தியாக மிதித்துவிட்டுப் போனாள்.

பாவாடைகளைச் சாப்பாட்டுக் கூடத்தில்
தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள்,
விறைப்பாக, நீல அப்பளம் மாதிரி.
கதையில் ஒரு கப்பல் போகிறது, வரவில்லை.
பன்னிரண்டு பேர் அலை.
எட்டு வரை எண்ணுகிறார்கள், மறுபடி ஒன்று.
எண்ணிக்கை மேலே ஏறித்தான் இந்த ஊருக்குப் பழக்கம்;
எனக்குப் பிடிபட நாலு நாளானது.

அப்புறம் ஏழாவது அலைக்கு அம்மை போட்டது.
கண்டனூர்ப் பெண், பேர் சிகப்பி.
மாடியில் நாலாம் நம்பர் அறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தோம்.
தவசுப்பிள்ளை வயிரவன் கரண்டியைக் கீழே வைத்தார்:
'அம்மை இருக்கிற கட்டடத்தில் தாளிக்க மாட்டேன்.'
முப்பது பேரும் கடுகில்லாத சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு
காலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

'பதினொரு பேரை நெருக்கி நிற்க வைத்துவிடலாமே?' என்றேன்.
கல்யாணப் பந்தியில் அப்படித்தான் செய்வோம்.
தெல்ஃபின் என்னைப் பார்க்காமல் சொன்னார்:
'ஏழுக்கும் விளக்கு போடு, ராயப்பா.'

அன்றைக்கு இருநூறு நாற்காலியில் நூற்றுப்பத்து பேர்.
முன்வரிசை ஆச்சி ஒருத்தர் கச்சேரி என்று நினைத்து வந்தவர்,
ஆனாலும் எழுந்து போகவில்லை.
அலை எழுந்தது. ஆறாவது சாய்ந்தது.
அப்புறம் யாருமில்லாத ஒரு வட்டம், பால்நிறத்தில்,
இரண்டு எண்ணிக்கை அளவு.
அப்புறம் எட்டாவது.
ஒவ்வொரு முறையும் அந்த வட்டம் வர வர
கூடத்தில் விசிறி ஆட்டுவதை நிறுத்தினார்கள்.
கப்பலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் பக்கத் திரைக்குள் நின்று
கயிற்றைப் பிடித்தபடி
எட்டுவரை எண்ணிக்கொண்டிருந்தேன், சத்தமாக.
ராயப்பன் வாயைப் பொத்தச் சொல்லிக் கை காட்டினான்.

மறுநாள் பலகையைப் பிரித்தோம்.
டயர்த் துண்டுகளை முத்தழகே எடுத்துக்கொண்டார்.
மூன்று நாற்காலி குறைந்தது, ஒன்று பிறகு கிடைத்தது.
நாலாம் நம்பர் அறையைக் கழுவப் போன செல்லாயி
மாடியிலிருந்து கூப்பிட்டாள்.
கட்டிலைச் சுவரோரம் தள்ளியிருந்தது.
ஆத்தங்குடிக் கல்லில்
வேப்பிலை நசுங்கி நசுங்கி
பச்சையாக ஒரு வட்டம்,
நடுவில் ஒற்றைக் கட்டைவிரல் அகலத்துக்கு வெறுமை.

கறை போக எலுமிச்சையும் சீயக்காயும் ஆனது.
கழுவுகூலி இருநூறு.
பில்லில் அதை நான் எழுதவில்லை.