பயன்பாட்டில்

பட்டியலில் தொடங்கினோம்.
தரோஜில் வீடு முப்பத்தெட்டு.
ஸ்ட்ரெச்சர் தூக்கத் தோள் உள்ளவர் யார் யார் என்றதும்
நாற்பத்தொரு பெயர் வந்து விழுந்தது.
வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தேன்.
அதில் இருபத்தாறு பேர்
மாஸ்கோவில் சிமெண்ட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என் மகன் பெயரில் ரப்பர் வைக்காதே" என்றாள் ஸவ்ஸன்,
"ஆகாது."
வைக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.
புள்ளிக்காரர்களை
மலை சரியும் நேரத்தில் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

மீதிப் பதினைந்தில்
நான், மருந்தக நர்ஸ் நிஸோபெகிம், ஒருத்தி.
கணக்கு வாத்தியார் அலிஃப்பெக்.
முழங்கால் மடங்காத நியோஸ்பெக்
(தோள் கேட்டீர்கள், கால் கேட்கவில்லையே என்றார்).
மற்றவர்கள் பெண்கள்,
மீசை அரும்பிய இரண்டு பையன்கள்.

மாவட்டம் ஒரு நீலக் கண்டெய்னர் அனுப்பியது.
உள்ளே
பதினொரு மண்வெட்டி, நாற்பது போர்வை,
கயிறு, இரண்டு ஸ்ட்ரெச்சர்,
டீசல் இல்லாத ஜெனரேட்டர்.
வெளியே
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

மே மாதம் ஒத்திகை.
பள்ளிக்கூட வாசலில் தொங்கும்
பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம்.
விட்டு விட்டு அடித்தால் கல்.
விடாமல் அடித்தால் தண்ணீர்.
விடாமல் அடித்தோம்.
முதலில் ஓடியவை நாய்கள்,
அதுவும் ஆற்றைப் பார்த்து.

உருளைக்கிழங்கு மேட்டுக்கு
கடைசி ஆள் வந்து சேர்ந்தபோது பத்தொன்பது நிமிடம்.
மேலே பனிப்பாறை ஏரி உடைந்தால்
நமக்கு இருப்பது பன்னிரண்டு
என்று அலிஃப்பெக் முன்பே கரும்பலகையில் போட்டிருந்தார்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ஷோயிஸ்தா மட்டும்
அடுப்பை அணைத்தேனா, அணைத்தேனா என்று
தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, கண்டெய்னரைத் திறங்கள்.
சாவி?
மமத்நஸாரிடம்.
மமத்நஸார்?
கோரோக்கில். கல்யாண வீட்டில்.

வயிறு நோகச் சிரித்தோம்.
பிறகு இருட்டும்வரை சண்டை.
பூட்டு இல்லையென்றால் போர்வை போய்விடும் என்றார்கள்.
வாயே திறக்காத குல்பெகிம்
"போகட்டும்" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை. எழுந்து பால் கறக்கப் போனாள்.

மறுநாள் ரம்பம் கொண்டு பூட்டை அறுத்தோம்.
இப்போது அந்தக் கதவில்
ஆடு கட்டும் கயிறு, ஒரே ஒரு முடிச்சு.
விறைத்த கைக்கு அது அவிழுமா?
பனிக் கட்டி வாளியில் கையை ஐந்து நிமிடம் முக்கி,
பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்துப் பார்த்தேன்.
அவிழ்ந்தது. நகம்தான் ஒன்று போனது.

செப்டம்பரில் எண்ணினால் போர்வை முப்பத்தொன்பது.
எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும்.
ஸர்பெகிம் வீட்டில், ஜன்னலோரம்,
ஆகஸ்டில் வந்த குழந்தையின் மேல்.
பதிவேட்டில்
"ஒன்று: பயன்பாட்டில்" என்று எழுதினேன்.
மாவட்ட அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"பேரிடர் எதுவும் நடக்கவில்லையே. என்ன அவசரம்?"
"மூன்று கிலோ நூறு கிராம்" என்றேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்டோபர் ஒத்திகை, பதினான்கு நிமிடம்.
இன்னும் இரண்டு நிமிடத்தை
எங்கே கண்டுபிடிப்பதென்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
ஒன்று நியோஸ்பெக்கின் முழங்காலில் இருக்கிறது,
அதற்கு ஒரு கழுதை பேசி வைத்திருக்கிறோம்.
இன்னொன்று ஸவ்ஸனின் தொழுவத்தில்.
கன்றை அவிழ்க்காமல் வரமாட்டாள்,
அவள் போடும் முடிச்சோ பிசாசுக்கும் அவிழாது.

நேற்று அவள் மகன் கூப்பிட்டான்.
மொபைலுக்கு டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று பேசினேன்.
பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.
"என் பெயருக்குப் புள்ளி வைத்தீர்களாமே?"
வைத்தேன்.
"நவம்பரில் வருகிறேன். எடுத்துவிடுங்கள்."
வா.
முதலில் அந்தக் கன்றின் முடிச்சை மாற்று.
பிறகு மேட்டுக்கு ஓடிக் காட்டு,
ரப்பரைத் தேடுகிறேன்.