தொண்ணூற்றொன்பது

மூதூர் இறங்குதுறையில் கயிறு எறிந்தபோது
படிவங்களைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டிருந்தேன்.
கலாநிதிப் பட்டத்தின் இரண்டாம் வருடம்.
நானூற்றுப் பதினைந்து வீடுகள், அறுபத்திரண்டு கேள்விகள்.
விடை கிடைக்காவிட்டால் 99 இடுக
என்றது கையேடு.

கிளிவெட்டி முகாமில்,
தகரக் கொட்டிலின் வெக்கைக்குள்,
வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.
"அஞ்சு" என்றாள் தவமலர்.
அரிசிச் செலவுக்கு வந்தபோது
"நாலு பேருக்குத்தான் உலை வைக்கிறது."
அஞ்சா, நாலா?
இரண்டு தரம் கேட்டேன்.
இரண்டு தரமும் அவள் வாசலைப் பார்த்தாள்.
வெளியே ரிஸ்வினா
அடுத்த கொட்டிலை முடித்துவிட்டுக் கைகாட்டினாள்.
99.
முற்றிச் சாய்ந்த இரண்டு கதிர்கள் போல
பெட்டிக்குள் அது நின்றது.

பிறகு எல்லாம் சுருக்காக நடந்தது.
பனி கொட்டும் ஊரில்
இரவிரவாகத் தரவைச் சுத்தம் செய்தேன்.
அப்படித்தான் சொல்வோம், சுத்தம் செய்வது என்று.
போர் ஒரு மாறி. பூச்சியம் அல்லது ஒன்று.
நிறுவனம் என்ற சொல்லுக்கு
மூன்று பக்கத்தில் வரைவிலக்கணம் எழுதினேன்,
மதிப்பாய்வாளர் ஒன்றரை ஆக்கச் சொன்னார், ஆக்கினேன்.
ஒரு கட்டுரை, பிறகு நாலு,
பிறகு சுழலும் கதிரை, யன்னலோர அறை.
ஒரு மாநாட்டில் யாரோ
உங்கள் குணகம் ஏன் இவ்வளவு சிறியது என்று கேட்டார்.
பகிடியாக ஏதோ சொன்னேன்.
சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள்.
என்ன சொன்னேன் என்பது
இப்போது ஞாபகமில்லை.

பதினான்கு வருடம் கழித்து,
படகில்லாமல், பாலங்களின் மேலால் போனேன்.
மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில்
செயலாளர் மஹ்ரூப்
என் கட்டுரையின் தமிழ்ச் சுருக்கத்தில்
சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தார்.
பெயர்ப்பட்டியல் எழுதித் தந்தது அவர்தான்.
"நானூத்திப் பன்ரெண்டு எண்டு போட்டிரிக்கிங்க.
மூணு ஊட்டைக் காணல்லயே, மிஸ்?"

விடுபட்ட பெறுமானங்கள்,
அவற்றை நீக்குவது வழமை, என்றேன்.
தலையாட்டினார், நம்பாத ஆட்களின் தலையாட்டல்.
பேரேட்டைத் திருப்பினார்.
கறையான் தின்ற ஓரம், மீன்வாடை,
கடலுக்குப் போகத் தடையிருந்த மாதங்களில்
நேர்கோடுகள்.
அங்கத்தவர் இலக்கம் எழுபத்தொன்று:
சி. கந்தவேள், சம்பூர்.
சேமிப்பு ஆயிரத்து நானூறு ரூபா.
மனைவி: தவமலர்.
இரண்டாயிரத்து ஆறுக்குப் பிறகு வைப்பு இல்லை, மீளப்பெறல் இல்லை.
வட்டி மட்டும்,
ஒவ்வொரு மார்கழியும்,
சில்லறை உட்பட.

மூடவில்லையா என்றேன்.
"ஆள் வந்து ஒப்பம் வெக்கணும்.
இல்லாட்டி மரணச் சேட்டிபிக்கட்.
ரெண்டும் வரல்ல."
இரக்கமா, சங்கத்தின் யாப்பா,
அவர் முகத்தில் தெரியவில்லை.
அவருக்கு ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோயிருந்தது,
அதைப் பற்றித்தான் கவலை.

அன்றிரவு உப்புவெளியில்
அலைச் சத்தம் கேட்கும் அறையில் மடிக்கணினியைத் திறந்தேன்.
அழித்த வரிகள் மூன்றும்
பழைய கோப்பொன்றில் கிடந்தன.
99ஐ எடுத்துவிட்டு 5 என்று அடித்தேன்.
மற்ற இரண்டையும் படிவம் பார்த்து நிரப்பினேன்.
குணகம் மூன்றாம் தசமத்தில் அசைந்தது.
முடிவு மாறவில்லை.

ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பும் படிவத்தில்
காரணம் கேட்கும் பெட்டி சிறியது.
வரைவிலக்கணம் எழுதத் தொடங்கி
அழித்தேன்.
பிறகு எழுதினேன்:
கூட்டல் பிழை.