வண்டி நின்ற பிறகு

மாத்தறையில் லீக்ஸ் இறக்கிவிட்டுத் திரும்புகிறோம்.
பின்னால் வெறும் கூடைகள்.
ஹைவேயில் ராத்திரி ஒன்றரை மணி.
வெள்ளைக் கோடுகள் முதலில் ஒவ்வொன்றாய் வந்தன,
எண்ணக்கூட முடிந்தது.
வெலிப்பன்னை தாண்டியதும் ஒட்டிக்கொண்டு
ஒரே நூலாகிவிட்டன.
யாரோ எதிரே உட்கார்ந்து
அதை என் நெற்றிக்குள் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றுவிட்டது.
அப்படித்தான் தெரிந்தது.
முள் நூறில் நடுங்குகிறது,
எஞ்சின் கத்துகிறது,
நான் மட்டும் ஒரு கதிரையில் சும்மா இருக்கிறேன்.
பாயை உருவுவதுபோல்
எனக்கடியில் பாதையை உருவிக்கொண்டு போகிறார்கள்.

மழை பிடித்தது.
அது மேலிருந்து விழவில்லை.
எதிரே இருட்டில் ஒரேயொரு புள்ளி,
எல்லாத் துளியும் அங்கேயிருந்து கிளம்பி
விரிந்து விரிந்து முகத்துக்கு வந்தன.
இன்னும் கொஞ்சம் மிதித்தால்
அந்தப் புள்ளிக்குள் போய்விடலாம் போலிருந்தது.
ஜெனாவைத் தட்டி எழுப்பினேன்.
"என்னாண்ணே?"
என்ன என்று சொல்லத் தெரியவில்லை.
"ஒண்ணுமில்ல, பேசிக்கிட்டு வா" என்றேன்.
அவன் பக்கத்து லயத்துக் கல்யாணச் சண்டையைத் தொடங்கி
பாதியில் தூங்கிப்போனான்.

கடுவலையில் இறங்கினோம்.
கூண்டுக்குள் இருந்த பெண்பிள்ளை
மிச்சக்காசை நீட்டியபடியே
சிறுத்துச் சிறுத்துப் பின்னால் போனாள்.
கூண்டும் போனது, விளக்கும் போனது,
காசு மட்டும் எப்படியோ
என் விரலில் பட்டது.

கித்துல்கலை.
எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய வேகம்
கண்ணில் இன்னும் மிச்சமிருந்தது.
நாற்பதில் போகிறேன்,
கோயிலில் வைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.
நடந்து போகிறவன் முந்திவிடுவான் போல
அத்தனை மெதுவாய் மரங்கள்.
ஜெனா விழித்துக்கொண்டு கத்தினான்.
முள் அறுபத்தைந்தில்.
வளைவு நான் நினைத்த இடத்தில் இல்லை,
மடியில் இருந்தது.
கூடைகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்த சத்தம்
வட்டவளை வரைக்கும் காதில் இருந்தது.
அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

விடியும்போது டெவன் அருவிக்கு எதிரே நிறுத்தி
பிளேன்டீ குடித்தோம்.
நிறுத்தியதும் மலை மெல்லப் பின்வாங்கியது.
ராத்திரி முழுக்க என்னிடம் வந்ததெல்லாம்
இப்போது என்னை விட்டுப் போகிறது.
தேயிலைப் பாத்திகள் போகின்றன, ஸ்டோர் போகிறது,
தகரக் கூரைகள் போகின்றன.
ஜெனாவிடம் சொன்னேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.

"கண்ண எடுக்காம தண்ணியவே பாருங்கண்ணே" என்றான்.
பார்த்தேன்.
"இப்ப பக்கத்துப் பாறை."

பாறை மேலே ஏறியது.
அசையாத பாறை,
பாசியும் பேர்ன் செடியும் ஒட்டியிருக்க
விழுந்த தண்ணீர் அத்தனைக்கும் சேர்த்து
வானத்துக்கு ஏறிக்கொண்டே இருந்தது,
ஏறினாலும் இருந்த இடத்திலேயே.
"இஸ்கூல் போற காலத்துல தினம் பாப்பேன்" என்றான்.
பஸ் வரும் வரைக்குமாம்.
டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்தார்,
பிறகு அவரும் பாறையைப் பார்த்தார்.

அன்று ராத்திரி மங்களேஸிடம் சொன்னேன்.
வளைவை மட்டும் சொல்லவில்லை.
அவள் ஆச்சரியப்படவேயில்லை.
"எனக்குக் கண்ண மூடினா கொழுந்துதான்.
இருபத்திரண்டு வருசமா.
ஆனா பச்சையா இருக்காது, செவப்பா இருக்கும்."
டாக்டரிடம் காட்டினாயா என்றேன்.
"இதுக்கும் பனடோல்தான் குடுப்பாரு" என்று திரும்பிப் படுத்தாள்.

விளக்கை அணைத்தோம்.
அவள் விரல்கள் போர்வை ஓரத்தைக்
கிள்ளிக் கிள்ளி விடுவது தெரிந்தது.
தூங்கிவிட்டாளா, தெரியாது.
எனக்கு அந்தப் புள்ளி
கூரைக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது.
கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தை
வலது கால் மிதித்துப் பார்க்கிறது,
மறுபடியும் மிதிக்கிறது.
அமுங்கவில்லை.