பிணைச்சல்

சங்கானைச் சந்தைக்குப் பின்னால்
வெங்காயக் கொட்டிலில் வியாழன் இரவு வகுப்பு.
பஸ்ஸில் ரிக்கற் கிழிக்கிற மார்க்கண்டு
புகையிலை கட்டிய சாக்கை விரித்து
கரித்துண்டால் சீனாவைக் கீறினான்.
மலைக்கு ஊமல். ஆற்றுக்குத் துலாக்கயிறு.
தோற்றவர்கள் நடந்த வழி நெடுகப்
புளியங்கொட்டை.
பத்தில் ஒருத்தன் மிஞ்சினானாம்.
இடுப்புவாரை அவித்துத் தின்ற பக்கத்தைக்
கதிரன் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான்.
பசி அவனுக்குத் தெரிந்த ஊர்.

கிராமங்கள் நகரத்தை வளைக்கும்.
ஓம்.
ஆனால் எங்களிடம் மலை இல்லை.
ஏறி ஒளிக்கப் பனைதான்.
அதில் ஏறுகிறவன் ஆரென்று ஊருக்கே தெரியும்.
நெடும்பயணம் இங்கே வெளிக்கிட்டால்
மத்தியானத்துக்குள் கீரிமலையில் கால் நனையும்.
சிரித்தோம்.

பிறகு அந்த இடம் வந்தது:
ஊருக்குள் வந்த படை
குடியானவன் வீட்டுக் கதவைக் கழற்றிப் படுத்து
விடியத் திருப்பிப் பூட்டிவிட்டுப் போனதாம்.
ஊசியும் எடுக்கவில்லையாம்.
மாணிக்கி பின்னுக்கிருந்து கேட்டாள்:
"கதவு இருந்ததோ அவைக்கு?"

எங்கள் ஒழுங்கையில் எல்லாம் ஓலைத்தட்டி.
கதவென்றால்
கோயிலில் எங்கள் முகத்துக்கு நேரே சாத்துவது.
அதற்கு மார்க்கண்டின் புத்தகத்தில் பக்கம் இல்லை.

ஐப்பசி ஊர்வலத்தில் பொலிஸ் அடித்தது.
மார்க்கண்டுக்கு முன்பல் இரண்டு போனது.
அடுத்த மாதம் தேத்தண்ணிக்கடையில்
சிரட்டையைத் தள்ளிவிட்டுக்
கிளாசில் குடித்தான் கதிரன், கை நடுங்க.
சீனி காணாது என்றான்.
அவ்வளவுதான் நாங்கள் பிடித்த நகரம்.

அங்கே இருபத்தெட்டு வருசத்தில் தலைநகரம்.
அதற்குப் பிறகு வந்த பஞ்சம்
எங்கள் கைக்கு வந்த அச்சில் இல்லை.
பிந்தித்தான் அறிந்தோம்.
மார்க்கண்டு ஒரு கிழமை ஆரோடும் கதைக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் நாங்களும் நடந்தோம்.
மழை. நாவற்குழிப் பாலம்.
ஓர் அடிக்கு ஒரு மணித்தியாலம்.
முன்னுக்குக் கொடியில்லை, பின்னுக்குப் பாட்டில்லை,
தையல் மெசினைச் சுமந்த ஒருத்தி
அதைச் சேற்றில் வைத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஆறு மாதத்தால் வந்தால்
மாணிக்கியின் கல்வீட்டில்
வேப்பம்பலகைக் கதவு நின்ற இடத்தில் வெயில் நின்றது.
எந்தப் பக்கத்தாரின் பங்கருக்குக் கூரையானதோ.
நிலையில் பிணைச்சல்கள் மட்டும்,
கறள் பிடித்து.

நல்லெண்ணெய் விட்டாள்.
விரலால் ஆட்டிப் பார்த்தாள், கிறீச்சிட்டது.
பல்லில்லாத மார்க்கண்டைக் கூப்பிட்டு,
"அது எத்தனையாம் பக்கம்?" என்றாள்.