கண்ணாடி தெளியும் நேரம்

ஜுபைலில், ஆகஸ்டில்,
ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கிய நொடி
கண்ணாடி வெளுத்துவிடும்.
கேட்டில் நிற்கும் காவலாளி மறைவார். பிறகு கேட்டும்.
துடைக்கக் கூடாது, அது என் விதி.
தானாகத் தெளியும்வரை நின்று எண்ணுவேன்.
நாற்பத்தொன்று. ஐம்பத்தாறு. ஒருநாள் தொண்ணூற்றிரண்டு.
பின்னால் இறங்குகிறவர்கள் முட்டிக்கொண்டு
நான்கு மொழிகளில் திட்டுவார்கள்.

இதற்கு ஒரு வலைத்தளம் வேண்டுமென்று
ஏன் தோன்றியதோ தெரியாது.
ஸ்டோரில் கழித்துப்போட்ட மடிக்கணினி,
கீல் உடைந்தது,
செங்கல் முட்டுக்கொடுத்தால்தான் திரை நிற்கும்.
லினக்ஸ் போட்டேன். காசில்லை.
எழுதும் செயலிக்கும் காசில்லை.
படத்தைச் சுருக்க, கோப்பை ஏற்ற,
தமிழ் எழுத்துரு, எதற்கும்.
எந்தக் குளிர்நாட்டிலோ தூக்கம் வராத யாரோ
எழுதி, வாசலில் வைத்துவிட்டு
பெல் அடிக்காமல் போயிருக்கிறார்கள்.

உரிமத்தைப் படித்தேன், முழுசாக.
கடல் தாண்டி வந்தபின்
நான் முழுசாகப் படித்த ஒரே ஒப்பந்தம்.
பிரித்துப் பார், திருத்து, அடுத்தவருக்குக் கொடு,
உத்தரவாதம் மட்டும் கேட்காதே என்றது.
விசா ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் தந்தவர்.
தனி அறை. ஓவர்டைம். பத்தாம் மாதம் லீவு.

இலவச இடமும் கிடைத்தது.
ஐம்பது எம்.பி.
ஒரே மூச்சில் சொல்ல முடியாத முகவரி.
என் கணக்குக்கு அடியில் எப்போதும்
அவர்கள் ஒட்டும் மூட்டுவலித் தைலம்.
முப்பது நாள் நான் உள்ளே நுழையாவிட்டால்
அழித்துவிடுவார்கள்.
ஆறுபேர் அறையில் மேல்கட்டிலும்
அரை அலமாரியும் உள்ளவனுக்கு
ஐம்பது எம்.பி. பெரிய இடம்.
இரண்டு ஆகஸ்டைக் கொட்டியும்
ஒரு மூலைதான் நிறைந்தது.

வருகை பதினொன்று என்று காட்டியது.
ஒன்பது நான்.
ஒன்று ஏதோ தேடுபொறியின் எந்திரம்.
இன்னொன்று மஸ்தான்கனி, என் தொல்லை தாங்காமல்.
"கண்ணாடியே போடாதவனுக்கு
இதுல என்னடா இருக்கு?"
மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவன்
என் பக்கத்தில் நின்று, கடிகாரம் பார்த்து,
சத்தமாக எண்ணத் தொடங்கினான்.
எப்போதும் என்னைவிட மூன்று கூட.
அட்டவணையில் அவனுக்கும் ஒரு கட்டம் போட்டேன்.

டிசம்பரில் காற்று காய்ந்துவிடும்.
கண்ணாடி வெளுக்காது.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
பூஜ்யத்தை எழுத எதற்கு உள்ளே போக வேண்டும்
என்று சோம்பிக் கிடந்தேன்.
பிளான்ட்டில் ஷட்டவுன் வேலை வேறு.
மூன்று நாளில் அழிப்போம் என்று மடல் வந்தது.
'அன்புடன்' என்று முடித்திருந்தார்கள்.

அதற்குக் கீழே இன்னொரு மடல்.
ஹெப்சிபா, ஃபஹாஹீல், குவைத்.
ஆஸ்பத்திரி நர்ஸ், குடியிருப்பு ஐந்தாம் மாடி.
உங்கள் பக்கத்தின் நிரலை
அப்படியே எடுத்துக்கொண்டேன், தப்பா?

போய்ப் பார்த்தேன்.
கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும்,
ஹீட்டரை அணைத்து, அதில் ஆறியதைத்தான்
பச்சைத்தண்ணீர் என்று குளிப்போம்.
அவள் எண்ணுவது,
குழாயைத் திறந்தபின் கை சுடாமலிருக்க
எத்தனை விநாடி என்பதை.
அதே அட்டவணை, அதே நீலக் கோடு.
நான் கால் போட மறந்த 'விநடி'
அங்கேயும் கால் இல்லாமல் நின்றது,
பஸ்ஸில் எவரோ என் சட்டையைப் போட்டு
உட்கார்ந்திருப்பதுபோல.

ஒன்றுதான் புதிது.
சராசரி காட்டும் நான்கு வரி, அவள் எழுதியது.
தப்பில்லை என்று பதில் போட்டேன்.
எழுத்துப்பிழையைச் சொன்னேன்.
நான்கு வரியையும் எடுத்துக்கொண்டேன்.

என் சராசரி இப்போது நாற்பத்தேழு.
டிசம்பரைச் சேர்த்தால் முப்பத்தொன்பது.
கண்ணாடி வெளுக்காத நாளையும்
கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று
கேட்டு எழுதியிருக்கிறேன்.
அவளுக்கு இந்த வாரம் நைட் டியூட்டி.