இருபத்திரண்டு டிகிரி

சிவப்பணுவுக்குக் குளிர்பெட்டி, நான்கு டிகிரி, நாற்பது நாள்.
பிளாஸ்மா கல்லாய் உறைந்து மாதக்கணக்கில் காத்திருக்கும்.
தட்டணுவுக்குத் தொட்டில் உண்டு.
அதை ஆட்டும் மோட்டாரின் முனகல்தான்
கரகாந்தியில் என் ராப்பணிக்குத் துணை.

வெள்ளணு எதிலும் சேராது.
குளிர்ந்தால் சுணங்கும்.
ஆட்டினால் பகைவரைப் பார்க்காமலே
கையிலிருப்பதையெல்லாம் எறிந்து தீர்த்துவிடும்.
உறைந்தால் உடைசல்.
இருபத்திரண்டு டிகிரி, அசையாமல்,
அதிகம் போனால் ஒரே ஒரு நாள்.

கொடுத்தவர் துலேகென்,
நிலக்கரிச் சுரங்கத்தில் லிஃப்ட் இயக்குபவர்.
முந்தின இரவு விழுங்கிய மாத்திரையில் தூக்கம் கெட்டு
சமையலறை மேடையை மூன்று முறை துடைத்தாராம்.
"இடுப்பெலும்புக்குள் தோண்டுகிறார்கள்,
எங்கள் ஷிஃப்ட் ஆட்கள்தான் போலிருக்கிறது."

பையை மூடியது மாலை நான்கரை.
அஸ்தானாவில் ஜிபெக் என்கிற ஒன்பது வயதுக்காரி,
நுரையீரலில் பூஞ்சை.
அவள் அறிக்கையில் வெள்ளணு என்ற வரிக்கு நேரே
ஒரு சைபர், ஒரு புள்ளி, இன்னொரு சைபர்.

ஏழரைக்குச் சாலையை மூடினார்கள். புயல்.
லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒராஸ்பெக் கூப்பிட்டார்:
"வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஆட்டுத்தோல் கோட்டுக்குள், நெஞ்சோடு வைத்துக்கொள்ளட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
உங்கள் நெஞ்சு அதற்குக் காய்ச்சல்.
பக்கத்து இருக்கையில் படுக்கவையுங்கள், பெல்ட் போடுங்கள்,
தெர்மாமீட்டரை மட்டும் பாருங்கள்.

இருபத்தைந்து ஆனால் கண்ணாடியை அரை விரல் இறக்கினார்.
இருபதுக்கு வந்தால் ஏற்றினார்.
இறக்கினார்.
பையில் சிவப்பு அடியில் இறங்கி
மேலே வைக்கோல் நிறம் தெளிந்ததாம்.
இடையில் சாம்பலாய் ஒரு கோடு.
"இவ்வளவுதானா?" என்றார்.
இவ்வளவுதான் என்றேன்.

அதே ரத்தத்தில் சிறு குழாய் ஒன்று
என் மேசையில் இருந்தது.
இங்கே பனி இல்லை, குலுங்கல் இல்லை, சுவரில் இருபத்திரண்டு.
இரண்டு மணிக்கொரு முறை ஒரு சொட்டெடுத்து
செத்த ஈஸ்டை அதன் முன் போட்டுப் பார்த்தேன்.
ஆறாம் மணியில் பந்திக்கு முந்திக்கொண்டு தின்றது.
பத்தாம் மணியில் தின்றது, ஆனால் யோசித்து.
பன்னிரண்டில் பக்கத்தில் போய்
தொட்டுப் பார்த்து
அப்படியே நின்றது.
ஒரு குறையும் வைக்கவில்லை நான்.

ஐந்தரைக்குப் பை போய்ச் சேர்ந்தது.
ஒராஸ்பெக்கின் இடது காது வெளுத்துவிட்டதை
அவர் சொல்லவில்லை, அங்குள்ள நர்ஸ் சொன்னாள்.
மருத்துவர் கேட்டார்: "எத்தனை உயிரோடிருக்கின்றன?"
சாயம் போட்டு எண்ணியிருந்தேன்.
நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.
"எத்தனை சண்டை போடும்?"
குழாயைப் பார்த்தேன்.
சீக்கிரம் ஏற்றுங்கள் என்றேன்.

ஏற்றினார்கள்.
சிறுமிக்கு நடுக்கம் வந்தது, அடங்கியது.
காய்ச்சல் இறங்கவில்லை.
ஒரு பையில் எதுவும் தெரியாது;
நாளைக்கும் வேண்டும், நாளன்றைக்கும்.

ஏழு மணிக்கு அடுத்த கொடையாளி வந்தாள்,
பேக்கரிக்காரி, தூங்காத கண்கள்,
பூட்ஸில் பனி.
வணக்கம் சொல்லவும் மறந்து
சாலை திறந்துவிட்டதா என்றேன்.