இருக்கும் சார்

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில்
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
வாக்குமூலத் தாளின் ஓரம் எழுந்து படுக்கிறது.
வழக்கறிஞர் ஒய் சூ லின்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறாள்:
"அன்றிரவு அவன் சொன்ன சொல்,
அவன் மொழியிலேயே, என்ன?"

பதினோரு வருஷமாக மொழிபெயர்ப்பாளர் நான்.
திருடன் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
விதவை 'என் புருஷன்' என்றால் நானும் அப்படியே.
இன்றுதான் என்னையே சாட்சிக் கூண்டில்
ஏற்றியிருக்கிறார்கள்.
எனக்கு மொழிபெயர்க்க ஆள் வைக்கவில்லை.

மாடி அறை. மணி இரண்டே கால்.
ஏர்கோன் பதினாறில்.
இருசப்பன் த/பெ காத்தான், லோரி கிளீனர்,
மழையில் நனைந்த பனியனோடு.
யாரும் அடிக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
இன்ஸ்பெக்டர் நஸ்ருடின் நாசி கண்டார் வாங்கிவரச் சொன்னார்,
கோழிக்காலோடு.
அவன் சாப்பிட்டான். கை நடுங்கிச்
சோறு மேசையில் சிந்தியதற்கு
மன்னிப்புக் கேட்டான், மேசையிடம்.

"கடைப் பூட்டை எதால் உடைத்தாய்?"
"தெரியாது சார்."
"எதால்?"
"தெரியாது சார்."
ஒன்பதாவது முறை கேள்வி கொஞ்சம் நகர்ந்தது.
"லோரியில் ஜேக் இருக்கிறதா? அதாலா?"
நான் தமிழில் கேட்டேன்.
அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்,
விளக்கடியில் ஒட்டிக்கிடந்த பல்லியைக்கூடப் பார்த்தான்.
"நீங்க சொன்னா இருக்கும் சார்."

இருக்கும்.

நம் ஆட்களுக்குத் தெரியும் அந்தச் சொல்லை.
டாக்டர் அழுத்திக் கேட்டால் வலி இருக்கும்.
கடைக்காரர் நோட்டைப் புரட்டினால் பாக்கி இருக்கும்.
எதிரே இருப்பவர் முகத்துக்கு நேரே
இல்லை என்று சொல்லக் கூசி
கதவைப் பாதி சாத்தி வைக்கிற சொல்.
மலாயில் வினையோடு காலம் ஒட்டாது.
எனக்கும் தூக்கம்.
"அடா" என்றேன்.
தமிழில் அது யாரையோ அதட்டுகிற விளி.
மலாயில், உண்டு.
கோப்ரல் லியோங்கின் டைப்ரைட்டர்
மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு
அடுத்த வரிக்குப் போனது.

குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த செய்தி ஜேக் என்கிறது
அரசுத் தரப்பு.
அவன் வாயில் வருமுன்
அது என் வாயில் வந்தது.

காலை இடைவேளையில் படிக்கட்டருகே
நஸ்ருடின் சிகரெட்டைப் பற்றவைக்காமலே நின்றார்.
கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றதும்
வண்டி அனுப்பியவர்.
"போன வருஷம், மிஸ். இதே நாற்காலி, இதே ராத்திரி.
ஒருத்தன் வாய் திறந்தான்.
ரெலாவ் பக்கம் ஒரு ஸ்டோரில் குழந்தை கிடைத்தது, உயிரோடு.
அன்றைக்கும் நீங்கள்தான் பக்கத்தில்.
அது மட்டும் சரியான சொல்லா?"

குழந்தையின் ஒற்றைச் சிவப்புச் செருப்பு
நினைவிருக்கிறது.
அவனையும் தூங்கவிடவில்லை, நாங்கள்.
நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.
ஒருவன் சொன்ன இடத்தில் குழந்தை இருந்தது.
இன்னொருவன் சொன்ன ஜேக்கை
லோரியிலிருந்து எடுத்தார்கள்.
எந்த லோரியில்தான் ஜேக் இல்லை?

கொலையுண்ட கடைக்காரரின் மனைவி
மூன்றாவது வரிசையில்,
கைப்பையை மடியோடு அணைத்தபடி.
எட்டு மாதமாக அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, வெறுக்க.
அதை நான் பிடுங்கப் போகிறேனோ என்று
என் உதட்டையே பார்க்கிறாள்.
எதிர்க் கூண்டில் இருசப்பன்.
இந்த எட்டு மாதத்தில் கழுத்து மெலிந்துவிட்டது.

"இருக்கும்" என்கிறேன்.

நீதிபதி பேனாவை மூடவில்லை.
"மலாயில்?"

நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
அதற்குள் இருசப்பன்
என்னைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கிவிட்டான்,
எது சொன்னாலும் சரி என்பதுபோல்.